பிறக்கும் முன் நீ வைத்த பரீட்சை

தம்பி,

மாப்பிள்ளைக்குக் கால் கழுவும் செம்பை இன்று காலை பழப்புளி போட்டுத் தேய்த்து விளக்கினேன். குசினி யன்னலுக்குக் கீழே காயவைத்திருக்கிறேன். வெயில் அதில் பட்டு, மேலே சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபடிதான் உனக்கு இதை எழுதுகிறேன். போன் எடுத்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக்கோடு மட்டும் வருகிறது. உன் தங்கச்சிக்கு மாத்திரம் ஒரு வரி அனுப்பியிருக்கிறாயாம்: “ரோஸ்டர் சேஞ்ச் பண்ண ஏலாது, சொறி.” சிட்னியில் எந்த ஆஸ்பத்திரி ஐயா கூடப்பிறந்தவளின் கலியாணத்துக்கு லீவு கொடுக்காது? நானும் இந்த நாட்டில் டொக்டராக வேலை செய்கிறவள்தான். எனக்குக் கதை விடாதே.

காரணம் எனக்குத் தெரியும். ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான பரீட்சையில் நீ இரண்டாம் தடவையும் பெயில். இந்தச் சொல்லை இந்த வீட்டில் நான்தான் முதல் முதலாக எழுதுகிறேன் போலிருக்கிறது. எங்கள் சனத்தில்தான் ஒருவரும் பெயிலாவதில்லையே! ‘பிள்ளை ஒரு பிறேக் எடுத்திருக்கு’ என்பார்கள், ‘வேற லைனில இன்ட்ரஸ்ட் வந்திட்டுது’ என்பார்கள். உன் அப்பா, பாவி மனுசன், கேட்கிறவர்களுக்கெல்லாம் “சோதினையைத் தள்ளிப் போட்டிட்டாங்கள்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். உள்ளுக்குள் எல்லாருக்கும் தெரியும். நீ வந்தால் மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் அந்தக் கேள்வி வரும், அப்பா சொன்ன பொய்யை நீயும் சொல்ல வேண்டி வரும். அதற்குப் பயந்துதான் இந்த ரோஸ்டர்.

ஆனால் நீ வராமல் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? எங்கள் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, அவர் போடும் மோதிரத்தை விரலில் வாங்கிக்கொண்டு, கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிறவன் அவன். தங்கச்சிக்கு இருப்பது நீ ஒருவன். ரோவிலில் இருக்கிற மாமி இப்போதே தன் மகனுக்கு வேட்டி எடுத்துவிட்டாள். “தம்பி வராட்டி என்ன மச்சாள், எங்கட பெடியன் நிக்கட்டும்” என்கிறாள். அவள் நல்லதற்குத்தான் சொல்கிறாள். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து தங்கச்சி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். புத்திமதி சொல்ல அல்ல. உனக்கு ஒரு மனுசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கிற பிள்ளைக்குப் பெயில் கதை சொல்லக்கூடாது என்று இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்த கதை இது.

எமில் அங்கிளை உனக்குச் சரியாக நினைவிருக்காது. நீ என் வயிற்றில் இருந்த காலத்தில் நாங்கள் இங்கே மெல்பேர்னில், டண்டினொங் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கல் யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் டொக்டராகி வந்தவள். ஆனால் இங்கே வெளிநாட்டு டொக்டர்மாருக்கு வைக்கும் பரீட்சையைப் பாஸ் பண்ணும்வரை நான் ஒன்றுமில்லை. அப்பா ஒரு கார்ச் சாமான் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வந்து பகல் முழுக்கக் கட்டைபோலக் கிடந்து உறங்குவார். கர்ப்பிணி மயக்கம் ஒன்று இருக்கிறது தம்பி, அது உனக்குப் புத்தகத்தில் வந்திருக்காது. எது நினைவு, எது கனவு என்று பிரிக்க முடியாத ஒரு கிறக்கம். ரெயில் போகும், யன்னல் கண்ணாடி அதிரும், நான் புத்தகத்தை மடியில் வைத்தபடி உறங்குவேன். விழித்தால் பருத்தித்துறைக் கடல் பக்கத்து வீட்டு வேலிக்குப் பின்னால் இரைவது போல இருக்கும்.

உறங்குகிற உன் அப்பாதான் என்னுடைய நோயாளி. வேறு யார் கிடைப்பார்கள்? அவருடைய நெஞ்சில் இடது கைவிரலை வைத்து, வலது விரலால் தட்டிப் பழகுவேன். காற்றுள்ள இடம் வெறுங்குடம்போல ஒலிக்கும், ஈரல் தொடங்கும் இடத்தில் சத்தம் மந்தமாகும். உனக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் மத்தியானம் இப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துச் சுவரிலிருந்தும் அதே தட்டல் கேட்டது. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. திரும்பத் தட்டினேன், அங்கிருந்தும் பதில் வந்தது. கனவு என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. வெளியே எண்பதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர், கையில் தொப்பியோடு. “மன்னியுங்கோ. உங்கட வீட்டில ஆரோ ஈரலைத் தேடுகினம் போல” என்றார்.

அவர் பேசியது ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார். கனவில் வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் பாஷையில்தானே பேசுவார்கள். அவர் பக்கத்து யூனிட்டில் தனியாக இருந்தார், மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது என்றார். “நான் வியன்னாவில மெடிக்கல் ஸ்ரூடன்ற். இறுதி வருசம்.” அவர் ‘இருந்தனான்’ என்று சொல்லவில்லை. நரைத்துத் தளர்ந்த ஒருவர் ‘நான் இறுதி வருசம்’ என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு, தேத்தண்ணி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர்தான் என் நோயாளி. அந்தப் பரீட்சையில் நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருப்பார்கள், அதற்குப் பழக வேண்டும் என்று சொன்னதும் மனுசருக்குக் கண் மின்னியது. ஒவ்வொரு பிற்பகலும் குசினிக் கதவால் வந்து, “பிராவ் டொக்டர், இண்டைக்கு எனக்கு என்ன வருத்தம்?” என்று கேட்பார். பிராவ் என்றால் ஜெர்மனில் அம்மணி. இந்த நாட்டில் என்னை டொக்டர் என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான். ஒருநாள் அவர் கால்வீங்கிய பண்ணைக்காரன், மறுநாள் நெஞ்சு நோகும் பேக்கரி முதலாளி. வயிற்றுக்குத்து வந்தவராக சோபாவில் கிடந்து அவர் அனுங்கிய அனுங்கலில் உன் அப்பா திடுக்கிட்டு எழும்பி, சாரம் அவிழ அவிழ ஓடிப்போய் அம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டார். அவர்கள் வந்திறங்க, “என்ன கோதாரியப்பா இது, மனுசர் நடிக்கிறார்” என்று நான் கத்த, எமில் அங்கிள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, “மன்னிக்கவும், எனக்கு நல்ல சுகம்” என்றார். அப்பா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவருடைய கதை ஒரே நாளில் வரவில்லை. வருத்தத்துக்கும் வருத்தத்துக்கும் இடையில் துண்டு துண்டாக வந்தது, நானும் அரைத் தூக்கத்தில் கேட்டேன். தகப்பன் கத்தோலிக்கர், டிராம் கந்தோரில் கிளார்க். தாய் யூதப் பெண். வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு மெழுகுதிரியும் ஏற்றுவார்கள், நத்தாருக்கு மரமும் வைப்பார்கள். தான் என்ன என்று அவர் யோசித்ததே இல்லையாம். நாஜிகள் வந்து, பாட்டன் பாட்டியில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணிப் பார்க்கும் சட்டம் கொண்டுவந்த பிறகு சட்டம் அவருக்குச் சொன்னது: நீ பாதி. பாதியாளை என்ன செய்வது என்று அவர்களுக்கே முதலில் தெரியவில்லைப் போல. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழித்தார்கள். முதலில் வகுப்பில் கடைசி வாங்கு. பிறகு, வார்டுக்கு வரலாம், குறிப்பு எடுக்கலாம், நோயாளியின் மேல் கை வைக்கக்கூடாது. “மற்றவங்கள் தட்டுவாங்கள், நான் தள்ளி நிண்டு கேப்பன். அதாலதான் எனக்குக் காது இவ்வளவு நல்லம்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசி வாய்மொழிப் பரீட்சை நாளன்று அவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், விறாந்தையில் மற்றவர்களோடு இருந்தாராம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் வரவில்லை. படிப்பித்த பேராசிரியர் வெளியே வந்தபோது எழுந்து நின்றார். பேராசிரியர் அவருக்கு மேலே சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வருடக்கணக்காக இவரும் ஒரு சிநேகிதனும் ஒருவர் நெஞ்சில் ஒருவர் தட்டித்தான் பழகியிருக்கிறார்கள். அவன் பாஸாகி வெளியே வந்தான். “அவன்ர ஈரல் எவ்வளவு அகலம் எண்டு எனக்குத் தெரியும். அவன் மற்றப் படிக்கட்டால இறங்கிப் போயிட்டான்” என்றார். துப்புரவுக்காரி வந்து அவருடைய சப்பாத்தைச் சுற்றித் தரையைத் துடைக்கும்வரை அங்கேயே இருந்தாராம். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனார்.

அந்த விறாந்தை அவருக்குக் கனவாக வரும். எப்போதும் ஒரே மாதிரித்தான். கனவில் அவருடைய பெயரைக் கூப்பிடுவார்கள். கதவைத் திறந்து உள்ளே போவார், பரீட்சகர்கள் வரிசையாக இருப்பார்கள், நடுவில் இருப்பவர் கேள்வி கேட்க வாயைத் திறப்பார், விழிப்பு வந்துவிடும். யுத்தத்துக்குப் பிறகு ஒருமுறை அவர் நேரிலேயே அங்கு போயிருக்கிறார். அந்தப் பேராசிரியர் அதே கதிரையில் இருந்துகொண்டு, “ஆ, பிழைச்சிட்டீர், நல்லது” என்றாராம். இவர் படியிறங்கிக் கப்பலேறினார். மெல்பேர்னில், முதலாம் வருசத்திலிருந்து திரும்பப் படி என்றார்கள். அதற்குமுன் அரசாங்கம் காட்டும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரு தகரப்பேணித் தொழிற்சாலையில் போட்டார்கள். பட்டியில் வரும் பீச் பழப் பேணிகளை ஒரு தடியால் தட்டிப் பார்த்து, காற்றுப் புகுந்து பழுதானதைச் சத்தத்தால் பிடித்து எறிகிற வேலை. ஓய்வுபெறும்வரை அதைத்தான் செய்தார். “நல்ல வேலை. வாழ்நாள் முழுக்கத் தட்டினனான்தானே” என்பார்.

நான் அவருக்கு என் பெரியண்ணாவைப் பற்றிச் சொன்னேன். புள்ளி இருந்தும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டின தரப்படுத்தல் வந்து, மருத்துவபீடத்து வாசலோடு திரும்பி வந்த அண்ணா. இரண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் எமில் அங்கிள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பிறகு அண்ணா சோதினை எழுதினவரோ?” இல்லை என்றேன். அண்ணா பிறகு எந்தப் பரீட்சையும் எழுதவில்லை, ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். எமில் அங்கிள் மேசையை விரலால் தட்டினார். பிறகு சொன்னார்: “இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு நோயாளி. ஒரு நாளைக்கு நீங்கள் எனக்குச் சோதினை வையுங்கோ. அந்த இறுதிச் சோதினையை.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ஓம் என்றேன்.

குறித்த நாள் நாற்பது டிகிரி வெயில். வடக்குக் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல வீசியது. மத்தியானம் முன்கதவு மணி அடித்தது. ஒருநாளும் முன்கதவால் வராத மனுசர் கறுப்புக் கோட்டு, டை, மினுக்கிய சப்பாத்தோடு நிற்கிறார். வியர்வை கழுத்தால் வழிகிறது. “பிராவ் புரொபெசர், உள்ளே வரலாமோ?” டையை இன்னொருமுறை இறுக்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, விளையாட்டில்லை என்று. நான் ஓடிப்போய் சட்டை மாற்றினேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதற்குப் பின்னால் போய் இருந்தேன். அவர் உட்காரவில்லை. “ஒரு பரீட்சகர் காணாது. சட்டப்படி ஆகக் குறைஞ்சது ரெண்டு பேர் இருக்க வேணும்” என்றார். எனக்கு வாயில் வந்தது அதுதான். வயிற்றைத் தொட்டுக் காட்டி, “ரெண்டு பேர் இருக்கிறம்” என்றேன். அவர் உனக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவரைப் பாஸ் பண்ண வைப்பது என்று நான் முதலே முடிவெடுத்துவிட்டேன். எண்பதை நெருங்கும் மனுசருக்கு வேறென்ன செய்வது? ஆகச் சுகமான கேள்வியாகக் கேட்டேன். “நாப்பது வயசு ஆள். நடுங்கிக் காய்ச்சல், நெஞ்சில குத்து, இரும்புக்கறை மாதிரிச் சளி. என்ன வருத்தம்? என்ன செய்வியள்?” நியூமோனியா என்று உடனே சொன்னார். எந்தப் பக்கம் தட்டினால் எப்படி ஒலிக்கும் என்று வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். அழகாகச் சொன்னார் தம்பி, நான் படித்த இடத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு மருத்துவம். யன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும். கற்பூர எண்ணெய் ஊசி. கடுகுப் பற்று. பக்கத்தில் இருந்து, அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு விடியலில் திடீரென்று வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் இறங்கும், நோயாளி கண் திறந்து தண்ணி கேட்பார்.

“வேற?” என்று கேட்டேன். “வேற ஒண்டுமில்லை. காத்திருக்க வேணும்.” எனக்குத் தவிப்பாகிவிட்டது. பெனிசிலின் வந்து எத்தனை காலம்! அவரே போன மாரியில் இருமலுக்கு அன்ரிபயோட்டிக் குடித்தவர். “போன மாரியில கிளினிக்கில ஒரு மாத்திரை தந்தவை, என்ன?” என்று மெல்லத் தூக்கிக் கொடுத்தேன். அவர் கோபமாகப் பார்த்தார். “அது பக்கத்து வீட்டு எமிலுக்குத் தெரியும். இஞ்ச இருக்கிற மாணவனுக்கு அதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. பரீட்சகர் விடை சொல்லித் தரக்கூடாது.” சரி, பாவம், முடித்துவிடுவோம் என்று ‘பாஸ்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது நீ உதைத்தாய். லேசான உதையல்ல, மேசையில் வைத்திருந்த பேனை அசைகிற உதை. நான் “அம்மா!” என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மற்றப் பரீட்சகர் சம்மதிக்கேல்லைப் போல” என்றார். பிறகு மெதுவாக, “உண்மையைச் சொல்லுங்கோ பிராவ் புரொபெசர். அந்த நோயாளி பிழைப்பாரோ?”

“பிழைக்கிறது கஷ்டம்” என்றேன். “அப்ப?” “பெயில்” என்றேன்.

சொன்னவுடன் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து மெல்பேர்ன் காற்று திரும்பியது. உனக்குத் தெரியும்தானே, ஒரு நிமிசத்தில் வெக்கை முறிந்து தெற்கிலிருந்து குளிர் வரும். திரைச்சீலை வீங்கி உள்ளே வந்து அவருடைய தோளில் படுத்தது. முகத்து வியர்வை காய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார், இவ்வளவு நாளும் சொல்லாத துண்டை. யுத்தத்தின் நடுவில், ஒரு மாரியில், தகப்பனுக்கு நியூமோனியா வந்தது. அந்த வீட்டில் தாயை நாஜிகள் தொடாமல் விட்டிருந்ததற்கு ஒரே காரணம், அவள் கத்தோலிக்கப் புருசனின் மனைவி என்பதுதான். அவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. வந்து பார்க்க டொக்டர் கிடைக்கவில்லை. கட்டாயமாகப் போட்டிருந்த கல் உடைக்கும் வேலையிலிருந்து ஓடிவந்து இவர்தான் பார்த்தார். யன்னலைத் திறந்தார், துடைத்தார், கற்பூர ஊசி போட்டார், காத்திருந்தார். அந்த விடியல் வரவில்லை. தகப்பன் போனார். கொஞ்ச நாளில் வந்து தாயைக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவேயில்லை.

“பெனிசிலினுக்கு முந்தின புது மருந்து ஒண்டு அப்பவே வந்திட்டுது. ஆஸ்பத்திரியில குடுத்துக்கொண்டிருந்தவங்கள். நான் வெளியில நிண்டதால எனக்குத் தெரியாது. பிறகுதான் அறிஞ்சன்” என்றார். “இவ்வளவு காலமும் நான்தான் ரெண்டு பேரையும் சாகக் குடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் இண்டைக்குத்தான் சொல்லுறியள், நான் ஆர் எண்டு. படிச்சு முடிக்க விடாத ஒரு மாணவன். பாடம் தெரியாது. பெயில். அவ்வளவுதான்.” எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று அழுதேன். மனுசர் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் அழவில்லை. முகம் சின்னப்பிள்ளை முகம்போல இருந்தது. “அழாதையுங்கோ. என்னை ஒருத்தரும் பெயிலாக்கினதேயில்லை. கலைச்சவங்கள், நாயைத் துரத்தின மாதிரி. கலைச்சுவிட்டவனுக்குத் திரும்பி வர வழியில்லை. பெயிலானவன் அடுத்தமுறை வரலாம். எப்ப மறு சோதினை?” வாயில் வந்த நாளைச் சொன்னேன், அடுத்த வியாழன்.

என்னுடைய மருந்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கிழமை முழுக்கச் சுவருக்கு அப்பால் மருந்துப் பெயர்களை அவர் சத்தமாகப் பாடமாக்குவது எனக்குத் தூக்கத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நீயும் கேட்டிருப்பாய். வியாழக்கிழமை அதே கறுப்புக் கோட்டு, அதே முன்கதவு. முகத்தில் வெட்கம் இல்லை தம்பி, அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வருகிறேன். தெருவால் நடந்து வந்தார், எதிர்வீட்டுக்காரி எங்கே போகிறீர்கள் என்று கேட்க, “போன கிழமை பெயில், திரும்பச் செய்யப் போறன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். மருந்து, அளவு, ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் கேட்பது வரை சொன்னார். ஓரிடத்தில் தடுமாறினார், நீ ஒன்றும் செய்யாமல் கிடந்தாய். “பாஸ்” என்றேன். எனக்குக் கைகொடுத்துவிட்டு வயிற்றைப் பார்த்துத் தலை குனிந்து, “மற்றப் பரீட்சகருக்கும் நன்றி” என்றார். சில நாள் கழித்து அந்தக் கனவு திரும்ப வந்ததாம். இம்முறை கதவுக்குப் பின்னால் நடுக்கதிரையில் வயிற்றோடு நான் இருந்தேனாம், கேள்வி முழுதாகக் கேட்டதாம். பிறகு அது வரவில்லை.

நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, உன் பயற்றங்காய் விரலைப் பிடித்துப் பார்த்து, வயிற்றில் மெதுவாகத் தட்டி, “நல்ல காத்து, பால் குறையில்லை” என்றார். யார் இவர் என்று நர்ஸ் கேட்டபோது, டொக்டர் என்றேன். அவர் மறுக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் தொடங்கிய வருசம் ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே போய்விட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைச்சீலைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

இனி இங்கே நடந்ததைக் கேள். போன ஞாயிறு கிரெய்கிபர்னில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். ஆசாரி தாலிக்குப் பொன் உருக்குகிறார், எல்லாரும் சுற்றி நிற்கிறோம். ரோவில் மாமி கேட்டாள், “என்ன மச்சாள், டொக்டர்த் தம்பி வரேல்லையோ? சோதினை எப்பவாம்?” அப்பா வாயைத் திறந்தார், எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. நான் முந்திக்கொண்டேன். “சோதினை முடிஞ்சுது. பெயில். ரெண்டாம் தரமும் பெயில்.” உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்று ஊர் வாய் தானாக மூடிக்கொண்டது. ஆசாரி ஊதுகிற சத்தம் மட்டும். பிறகு சம்பந்தி தொண்டையைச் செருமினார். “டிரைவிங் லைசென்சுக்கே நான் எத்தினை தரம் விழுந்தனான் எண்டு உவவைக் கேளுங்கோ” என்று மனைவியைக் காட்ட, அவர் “அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, நான் பிறகு எண்ணுறதை விட்டிட்டன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார், தோளிலிருந்து மூட்டை இறக்கிய ஆளைப்போல. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. “அன்ரி, அவர் வராட்டி நான் சப்பாத்தைக் கழட்டமாட்டன். வாசல்லயே நிப்பன்” என்றான். நல்ல பெடியன்.

ஆக, மண்டபத்தில் நீ பயந்த கேள்விக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது, இனி ஒருவருக்கும் கேட்க ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை எழுதுகிறாயா, விட்டுவிட்டு வேறு வழியில் போகிறாயா, அது உன் விருப்பம், நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் உன்னை ஒருவரும் கலைக்கவில்லை ராசா. பரீட்சை வைத்தார்கள், உனக்கு விடை தெரியவில்லை, சொன்னார்கள். அதைப் போய், யாரோ கலைத்துவிட்ட மாதிரி நீயே ஏன் படியிறங்கிப் போகிறாய்? பிறக்கும் முன்னமே ஒரு மனுசரைப் பெயிலாக்கினவன் நீ. அவர் அடுத்த வியாழனே கோட்டுப் போட்டுக்கொண்டு முன்கதவால் வந்தார்.

செம்பு காய்ந்துவிட்டது. மேலே அந்த மஞ்சள் வட்டம் சுவருக்கு இறங்கிவிட்டது. ரோவில் மாமியின் மகனுக்கு எடுத்த வேட்டி வீண்போகாது, தீபாவளிக்குக் கட்டட்டும். கலியாணத்தன்று காலை வாசலில் ஐயர், “பொம்பிளையின்ர சகோதரன் எங்க?” என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர் ஊற்ற ஒரு கை கேட்பார். அது பாஸ் பண்ணின கையா என்று கேட்கமாட்டார்.

அம்மா